கேமரா வாங்குவதற்கு முன்

சொக்கோரோ, நியூ மெக்ஸிகோ
டிசம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை நானும் உங்க அத்தானும் சேர்ந்துதான் கேட்டோம். மே மாதத்தோடு பேங்க் வேலை முடிகிறது, நல்ல கேமராவாக ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பப் போகிறேன், எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு பெயரைச் சொன்னால் அன்றைக்கே கடையில் போய் நிற்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

மாடல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எது வாங்கினாலும் சரி. இன்றைக்கு விற்கிற கேமராக்களில் மோசம் என்று தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு பாடி, 24-105 லென்ஸ் ஒன்று, பறவை மேல் ஆசை இருந்தால் 100-400 ஒன்று. அதோடு நிறுத்திக்கொள். நாங்கள் குடியிருக்கிற வண்டி 24 அடி நீளம். கட்டில், அடுப்பு, டாய்லெட், அத்தானின் கருவிப்பெட்டி, என் இட்லிப் பானை எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். புதிதாக ஒரு சாமான் உள்ளே ஏறினால் பழையது ஒன்று இறங்கணும். அந்தக் கணக்கில் என் பெரிய ட்ரைபாட் போய்விட்டது. அதற்குப் பதில் அரிசி நிரப்பித் தைத்த துணிப்பை ஒன்று வைத்திருக்கிறேன். வண்டியின் கண்ணாடியை இறக்கி, ஜன்னல் விளிம்பில் பையைப் போட்டு, லென்ஸை அதன்மேல் அழுத்தி வைத்தால் ஆடாது. நடந்து போய்க் கிட்டே நின்றால் பறந்துவிடுகிற பறவை, வண்டிக்குள் இருக்கிறவளைக் கண்டுகொள்வதே இல்லை.

நீ கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். குரல் பதிவில் ஹம்பி, கட்ச், காசி, ஸ்பிட்டி என்று ஒரே மூச்சில் அடுக்கினாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. லீவு போட்டு வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில் இருக்கும். வெளிச்சம் சரியில்லை என்றாலும் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான், பாவம். நமக்கு அந்த ரயில் கிடையாது. நாளைக்கும் அதே இடத்தில் நிற்கலாம், அடுத்த வாரமும் நிற்கலாம். ரிட்டயரானவர்களுக்கு இளவட்டங்களைவிடக் கூடுதலாக இருப்பது இது ஒன்றுதான். அதையும் தினம் முந்நூறு மைல் ஓட்டியே தீர்த்துவிடுகிறவர்களை இந்த வழியெல்லாம் பார்க்கிறேன். இங்கே மத்திய அரசின் பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை காசில்லாமல் வண்டியைப் போட்டுக்கொள்ளலாம். 62 வயது ஆனவர்களுக்கு 80 டாலரில் ஆயுள் முழுக்கச் செல்லும் பாஸ் ஒன்று உண்டு, தேசியப் பூங்கா எதிலும் நுழையலாம். அப்படியிருந்தும் மூன்றாம் நாளே கால் பரபரக்கிறது ஜனங்களுக்கு. உங்க அத்தானும் அதில் சேர்த்திதான். "இந்த ஊரில் இன்னும் என்ன இருக்கிறது?" என்று காலையிலேயே ஆரம்பிப்பார். எங்கள் சண்டை பாதி இதனால்தான்.

இப்போது இருப்பது போஸ்கே டெல் அப்பாச்சே என்கிற சரணாலயத்துக்குப் பக்கத்தில். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் 1939-இல் ஏற்படுத்தியது. குளிர்காலத்தில் சாண்ட்ஹில் கிரேன் என்ற பெருங்கொக்குகள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்குகின்றன. நாலடி உயரம், இறக்கையை விரித்தால் ஆறடிக்குக் குறையாது. ராத்திரி முழுக்க ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே தூங்கும். கரையில் நின்றால் நரி போன்ற கயோட்டி பிடித்துவிடும். விடிகிற நேரத்தில் குளிர் மைனஸ் ஆறு, ஏழுக்குப் போகிறது. சில நாள் கொக்கின் காலைச் சுற்றி மெல்லிசாக ஐஸ் கட்டியிருக்கும்.

பலரும் இங்கே வருவது வெள்ளை வாத்துக் கூட்டம் ஒரே வீச்சில் எழும்பும் காட்சிக்காக. சத்தமும் அப்படி இருக்கும், காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அது முடிந்ததும் முக்கால்வாசிக் கேமராக்கள் பைக்குள் போய்விடும். கொக்கு அப்படிக் கிளம்பாது. இரண்டும் மூன்றுமாக, அதனதன் நேரத்தில்தான் போகும். கிளம்பப் போகிற கொக்கு முதலில் கழுத்தை முன்னால் நீட்டி, உடம்பையும் சாய்த்து, அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும். பக்கத்தில் நிற்பதும் அதே திசையில் சாயும். பிறகுதான் தண்ணீரில் நாலெட்டு ஓடி எழும்பும். அந்தச் சாய்வு கண்ணுக்குப் பழகிவிட்டால், எதன்மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பது என்று முன்னாலேயே தெரிந்துவிடும். மூன்று சேர்ந்து நின்றால் ஒன்றின் நெற்றியில் பெரும்பாலும் சிவப்பு இருக்காது, தலை பழுப்பாக இருக்கும். அது இந்த வருஷத்துக் குஞ்சு. முதல் குளிர்காலம் அப்பா அம்மாவோடுதான் கழியும். ஒரு நாள் பெற்றவை இரண்டும் கழுத்தை நீட்டிச் சாய்ந்தபடி நிற்கின்றன, குஞ்சு பாட்டுக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீரைக் கொத்திக்கொண்டிருக்கிறது. ஸ்கூல் வேன் வந்து நிற்கும்போது செருப்பைத் தேடுகிற பிள்ளை மாதிரி. நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். அதில் எதுவும் பறக்கவே இல்லை.

நீ வாதத்துக்கு வருவாய், தெரியும். ஓடுகிற காரை நிறுத்தி எடுத்த படம்தானே உலகப் புகழ் பெற்றது என்பாய். அந்தப் படம், புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்', இதே நியூ மெக்ஸிகோவில் எடுத்ததுதான். 1941-இல் ஒரு சாயங்காலம், நாள் முழுக்க அலைந்தும் சரியாக எதுவும் அமையாமல் திரும்பிக்கொண்டிருந்தவர், சாலையோரத்தில் தேவாலயத்தையும் கல்லறைச் சிலுவைகளையும் அவற்றுக்கு மேலே நிலாவையும் பார்த்து வண்டியை நிறுத்தினார். அவசரத்தில் லைட் மீட்டர் கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் ஒளி அளவு மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே எக்ஸ்போஷரைக் கணக்குப் போட்டார். ஒரு படம் எடுத்து முடித்தார். அடுத்ததற்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் அவர் 1930-லேயே இதே பிரதேசத்தின் டாவோஸ் பற்றிப் படப் புத்தகம் போட்டவர். பத்து வருஷத்துக்கு மேல் இந்த வெளிச்சத்தில் புழங்கியவர் காரை நிறுத்துவதும், நீயும் நானும் நிறுத்துவதும் ஒன்றா?

பேர் போன இடங்களுக்குப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. யூட்டாவில் மேசா ஆர்ச் என்கிற பாறை வளைவு இருக்கிறது. சூரியன் உதிக்கும்போது வளைவின் அடிப்பக்கம் ஆரஞ்சாகத் தகதகக்கும். அதற்காக இருட்டிலேயே வந்து, ட்ரைபாட் கால்கள் ஒன்றோடொன்று சிக்கும்படி வரிசை கட்டி நிற்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே படம்தான் கிடைக்கும். எனக்கு அது பிடிபடவில்லை. வைட் சாண்ட்ஸ் என்கிற மணல்வெளியில் வேறு மாதிரி. வெள்ளை ஜிப்ஸம் மணல்மேடு முழுக்கக் காலடித் தடமாகக் கிடக்கும். பலத்த காற்றடித்த மறுநாள் காலையில் போனால் தடமே இருக்காது. காற்று வருகிறவரை இருக்கணும், அவ்வளவுதான். அங்கே மீட்டரை நம்பினால் வெள்ளை மணல் சாம்பலாக விழும், ஒரு ஸ்டாப்பாவது கூட்டி எடு. நம் ஊர் உப்பளத்துக்கும் இதே கணக்குதான்.

சில்லறை விஷயங்கள்: வெளிக்குளிரிலிருந்து வண்டிக்குள் வந்ததும் கேமராவைத் திறந்து வைத்தால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துவிடும். ஜிப் பையில் போட்டு மூடிய பிறகே உள்ளே கொண்டுவருவேன், சூடு சமமாகும்வரை திறக்கமாட்டேன். உனக்கு இது தலைகீழாக வரும். ஏ.சி. போட்ட லாட்ஜ் அறையிலிருந்து விடியற்காலை வெளியே எடுத்தால் கண்ணாடி மங்கிப் போகும். ராத்திரியே பையோடு பாத்ரூமில் வைத்துவிடு, அங்கே ஏ.சி. படாது. படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்று. ஒன்று உன்னோடு இருக்கட்டும், மற்றது வீட்டில். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் திருடனுக்கு வேலை சுலபம்.

இப்போதைக்கு ஒன்று செய். மே வரைக்கும் காத்திருக்காதே, கேமராவும் வாங்காதே. பாளையங்கோட்டையிலிருந்து கூந்தன்குளம் ஒரு மணி நேரம். பொங்கல் கழிந்ததும் சனி, ஞாயிறு விடியலில் கையில் இருக்கிற போனோடு போ. குளத்தில் வரித்தலை வாத்து இருந்தால் பார். ஊருக்குள்ளேயே வீட்டு வாசல் மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். ஒரே ஒரு மரத்தைப் பிடித்துக்கொள், ஒவ்வொரு வாரமும் அதே மரம். மூன்றாவது வாரம் உனக்குச் சலிக்கிறதா, இல்லையா என்று எழுது. சலித்தால் கேமராக் காசைப் பேசாமல் பிக்ஸட் டெபாசிட்டில் போடு, சும்மா ஊர் சுற்றிப் பார், அதிலும் சந்தோஷம் இருக்கிறது. சலிக்கவில்லை என்றால் நானே லென்ஸ் வாங்கித் தருகிறேன்.

பிப்ரவரி கடைசியில் இந்தக் கொக்குகள் வடக்கே கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்குக்குப் போகும். நாங்களும் பின்னாலேயே போகிறோம். அத்தானை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அங்கே சிக்னல் எப்படியோ, அதற்குள் உன் படங்களை அனுப்பிவிடு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, சுருக்கிவிடுவான். டாக்குமெண்டாக அனுப்பு. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா