ஏற்ற இல்லம்

தூத்துக்குடிக் கடலின் அடியிலே, கரையிலிருந்து சில மைல் தொலைவில், பாறைத் திட்டுகள் பல உண்டு. முத்துக்குளிப்போர் அவற்றைப் 'பார்' என்பர். முத்துச்சிப்பியின் இளங்குஞ்சு முதலில் நீரோட்டத்தின் போக்கிலே மிதந்து திரியும். பின்னர்ப் பாறையொன்றில் படிந்து, தான் சுரக்கும் நூலிழைகளால் அதனைப் பற்றிக்கொண்டால் பிழைக்கும், வளரும், ஒருகால் முத்தும் ஈனும். மணலில் விழுந்த குஞ்சோ பற்றுக்கோடின்றி மாயும். இரண்டும் ஒரே தாய்ச்சிப்பியின் மக்களாக இருத்தல் கூடும். குறை குஞ்சினது அன்று; அது விழுந்த இடத்தினது. 1961ஆம் ஆண்டோடு இக்கரையில் அரசின் மேற்பார்வையில் நடந்த பெரிய முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் சிப்பிக்குப் பொருந்தும் இச்செய்தி, கரைமேல் வாழும் வேறோர் உயிருக்கும் பொருந்துகின்றது. அவ்வுயிர் நாய்.

தமிழர் வாழ்வில் நாய் பெற்ற இடம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. சங்க நூல்கள் அதனை ஞமலி என்று குறிக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரன் ஒருவனுக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணைநின்ற செயலையும், கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லெழுத்துக் கூறுகின்றது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் அழியாமல் நிற்பது வியப்பன்றோ?

கோவிவனுக்கு வேலை இருந்தது. இன்றைய நாய்க்கு அஃது இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்திலே கன்னி, சிப்பிப்பாறை என்னும் நாய்கள் வளர்க்கப்பட்டு வந்தன. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, கூர்ந்த பார்வை உடைய இவை முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. அது வேண்டிய சட்டமே. ஆனால் நாயின் கால்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அவை இன்னும் ஓடவே விரும்புகின்றன.

இத்தகைய நாயொன்று காப்பகத்திற்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் ஒன்றே. குட்டிப் பருவத்தில் அதன் அழகைக் கண்டு மயங்கி ஒருவர் வாங்குகிறார். எட்டுத் திங்கள் ஆனதும் அது மனிதரில் விடலைப் பருவத்தினரை ஒத்த நிலையை அடைகிறது. செருப்பைக் கடிக்கிறது, கொடியில் உலரும் வேட்டியை இழுக்கிறது, விருந்தினர் மார்பில் முன்கால்களை ஊன்றி வரவேற்கிறது. வீட்டார் சங்கிலியால் பிணிக்கின்றனர். பிணித்ததனால் அடங்கிய ஆற்றல் குரைப்பாக வெளிப்படுகிறது. குரைப்பினால் அண்டை வீட்டார் சினக்கின்றனர். முடிவில், 'இஃது அடங்காத நாய்' என்ற பெயரோடு அது காப்பகத்தின் வாயிலில் விடப்படுகிறது. நாள் முழுதும் கட்டிவைத்த உயிரிடம் மாலையில் அடக்கத்தை எதிர்பார்ப்பது எத்தகைய நீதியோ, தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இத்தகைய உயிர்களுக்குப் புகலிடம் அளித்த முன்னோடிகளுள் ஒன்று, விமானியாகிய கேப்டன் சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் 1959இல் சென்னையில் தோற்றுவித்த புளூ கிராஸ் சங்கம். எத்துணை அன்போடு நடத்தினும் காப்பகம் என்பது இடைவழிச் சத்திரமே. பல நாய்களின் ஓயாத குரைப்புக்கு நடுவே இளநாய் அமைதி பெறுவது அரிது. அதனை ஒரு வீட்டிற்கு அனுப்பியாதல் வேண்டும். ஆனால் தவறான வீட்டிற்கு அனுப்பினால் அது திரும்பி வரும். திரும்பி வந்த நாயை அடுத்து வருபவர் ஐயத்தோடு நோக்குவர். நாயும் மனிதரை ஐயத்தோடு நோக்கும்.

இக்கடற்கரையில் அத்தகைய நாயொன்று இருப்பதாகக் கொள்வோம். அதற்கு மணி என்று பெயரிடுவோம். வயது ஒன்று, நிறம் செம்பழுப்பு, தாய் கரிசல் நாட்டுக் கன்னி, தந்தை இன்னதென்று அறியப்படாதது. அதனை வேண்டி மூவர் வருகின்றனர்.

முதலில் வருபவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் ஒருவர். மனைவியும் இரு சிறு குழந்தைகளும் உடன் வருகின்றனர். குழந்தைகள் கம்பி வேலிக்குள் கைவிட்டு மணியைத் தடவுகின்றனர். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வீடு இரண்டாம் மாடியில். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்பவர். ஒன்பது மணி நேரம் வீடு பூட்டியிருக்கும். இளைய குழந்தைக்கு வயது மூன்று. மணி மகிழ்ந்து ஒருமுறை பாய்ந்தால் அக்குழந்தை படிக்கட்டில் உருளும். காப்பாளர் தயங்குகிறார். "அண்ணாச்சி, உயிரைப்போலப் பார்த்துக்கொள்வோம்" என்கிறார் வந்தவர். அவர் சொல் மெய்யே. எனினும், பூட்டிய கதவுக்குப் பின்னே அந்த அன்பு பகல் முழுதும் இருக்க மாட்டாதே! மணிக்கு மாறாக, ஆறு வயது நிரம்பிய, ஓடியாடி ஓய்ந்த வேறொரு நாயைக் காப்பாளர் காட்டுகிறார். மூத்த குழந்தை அழுகிறது. பின்னர் அந்த முதிய நாய் வந்து அதன் கையை முகர்ந்தபோது அழுகை நிற்கிறது.

இரண்டாமவர் உப்பள உரிமையாளர். "எனக்குப் பத்து ஏக்கர் நிலம் உண்டு, நாய் விரும்பியபடி ஓடலாம்" என்கிறார். கேட்போர் எவரும், ஓடும் நாய்க்கு இதைவிட ஏற்ற இடம் எது என்றே எண்ணுவர். ஆனால் உப்பளத்தைக் கண்டறிந்தவர் அவ்வாறு எண்ணார். அங்கே நிழல் தரும் மரம் இல்லை. வெண்மையான உப்பின்மேல் பட்ட வெயில் கண்ணைக் கூசச் செய்யும். பாத்தியின் செறிந்த உவர்நீர் உப்பளத் தொழிலாளரின் காலையே வெடிக்கச் செய்கிறது. நாயின் பாதம் என்னாகும்? நாய்க்கு வியர்வை பெரும்பாலும் உள்ளங்கால்களில்தான் உண்டு. நாவை நீட்டி இளைத்தே அது தன் உடற்சூட்டைத் தணிக்கிறது. சித்திரை வெயிலில் நிழலின்றி அடைபட்ட நாய் இறந்துபடவும் கூடும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பரந்த இடம் இருந்தால் நாய் தானே ஓடிக்கொள்ளும் என்பது பலருடைய எண்ணம். அது தவறு. தனியே விடப்பட்ட நாய், நிலம் எத்துணைப் பெரிதாயினும், பெரும்பொழுது வாயிற்கதவின் அருகே படுத்து, யாரேனும் வருவாரோ என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஓட்டம் என்பது அதற்குத் தனித்த தொழில் அன்று. துணையோடு செய்யும் தொழில். இரவுக் காவலுக்கென உப்பளத்தில் விடப்படும் மணிக்குத் துணை யார்? காப்பாளர் இதைக் கேட்டபோது உரிமையாளர் சிறிது வருந்தவே செய்தார். "இவ்வளவு இடம் இருந்தும் எனக்கு இல்லையா?" என்று கேட்டுச் சென்றார்.

ஓர் இடத்தில் குற்றமாகக் கருதப்பட்ட துடிப்பு மற்றோரிடத்தில் குணமாவது உண்டு. இதற்கு அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே, கடல்மேல் நிகழ்ந்த செய்தி சான்றாகும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசர் என்னும் அறிஞர், காட்டு விலங்குகளின் எச்சத்தை மோப்பத்தால் கண்டறிய நாய்களைப் பழக்கும் முயற்சியை 1997இல் மேற்கொண்டார். எச்சத்தை ஆராய்ந்தால் விலங்கைப் பிடிக்காமலும் துன்புறுத்தாமலும் அதன் உணவு, உடல்நலம், கருவுற்ற நிலை ஆகியவற்றை அறியலாம். இதற்கு ஏற்றவையாக அவர் குழுவினர் கண்டவை காப்பகங்களில் கிடந்த நாய்களே. அவற்றுள்ளும் பந்தைக் கண்டால் உணவையும் மறந்து துடிப்பவை, ஓய்வறியாதவை, எந்த வீடும் ஏற்க அஞ்சியவை.

அவற்றுள் ஒன்று டக்கர் என்னும் கருநிற லாப்ரடார் கலப்பு நாய். சியாட்டில் நகரத் தெருக்களில் அலைந்து திரிந்தது அது. ஓர்க்கா எனப்படும் பெரிய கடல்விலங்கின் எச்சத்தைத் தேடும் பணி அதற்குக் கொடுக்கப்பட்டது. அவ்வெச்சம் சிறிது நேரமே நீர்மேல் மிதக்கும். பின்னர் அமிழ்ந்துவிடும் அல்லது கரைந்துவிடும். ஆதலால் காற்றுக்குக் குறுக்கே படகைச் செலுத்துவர். முகப்பில் நிற்கும் டக்கர் மணம் வரும் பக்கமாகச் சாயும். அச்சாய்வைப் பயிற்சியாளர் கண்டு படகைத் திருப்பச் சொல்வார். ஒரு மைலுக்கு அப்பாலிருந்தும் அது மணத்தை அறிந்ததுண்டு. வேடிக்கை யாதெனில், டக்கருக்கு நீரில் இறங்க அச்சம்! கடல்மேல் பணி செய்த நாய் கடலில் நனைய மறுத்தது. அது வேண்டிய கூலியும் ஒரு பந்து, அவ்வளவே.

நாய்களின் துணையோடு 2008 முதல் 2014 வரை திரட்டிய எச்சங்களை ஆராய்ந்து, அறிஞர்கள் 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்கடலில் வாழும் ஓர்க்காக்களிடையே கண்டறியப்பட்ட கருவுறுதல்களில் 69 விழுக்காடு வரை ஈடேறாமற் போயின என்பதும், சினூக் சால்மன் என்னும் மீன் குறைந்ததால் ஏற்பட்ட உணவுக் குறையே அதற்குப் பெருங்காரணம் என்பதும் புலனாயின. தெருவில் திரிந்த நாய்களும் இவ்வறிவுக்குத் துணைநின்றன.

எல்லா நாய்க்கும் படகும் பல்கலைக்கழகமும் வாய்க்குமா? வாயா. மணிக்கு வேண்டியதும் அதுவன்று. அதன் கால்களுக்கும் மூக்குக்கும் நாள்தோறும் ஒரு வேலை. அந்த வேலையில் உடன்வர ஒரு மனிதர். மூன்றாவதாக வந்தவர்கள் வலை பின்னும் முதியவர் ஒருவரும் அவர் பேரனுமாவர். வீடு கடற்கரையை ஒட்டிய சந்தில். ஒரு திண்ணையும் சிறு முற்றமும் உடையது. "இடம் குறைவுதான், தம்பி" என்று முதியவரே முந்திக்கொண்டு கூறினார். காப்பாளர் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐயா, உங்கள் வீட்டில் விடியற்காலையில் முதலில் எழுபவர் யார்?" என்று கேட்டார். "இவன்தான்" என்று பேரனைக் காட்டினார் முதியவர். பள்ளி ஓட்டப்பந்தயத்திற்காக அவன் நாள்தோறும் கதிர் எழுமுன் மணலில் ஓடுபவன். பகலில் வீட்டில் இருப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. வலையும் கையுமாகத் திண்ணையில் அமர்ந்திருப்பவர் முதியவர்.

அன்றே நாயைக் கொடுத்துவிடவில்லை. மாலைதோறும் வருமாறு காப்பாளர் பணித்தார். முதல் நாள் மணி கயிற்றை இழுத்த இழுப்பில் சிறுவன் மணலில் விழுந்தான். இரண்டாம் நாள் அவன் ஒரு முறையைக் கற்றான்: நாய் இழுத்தால் நின்றுவிடுவது, கயிறு தளர்ந்தால் நடப்பது. மூன்றாம் நாள் மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றன்கீழ் முள் நீக்கிய மீன் துண்டை மறைத்து வைத்தான். மணி முகர்ந்து, தயங்கி, சரியான சிரட்டையைப் புரட்டியது. ஓடிய ஓட்டத்தைவிட அந்த ஆராய்ச்சியே அதனை மிகுதியாகக் களைப்புறச் செய்தது கண்டு சிறுவன் வியந்தான்.

வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் முடிந்தபின் மணி அச்சந்துக்குச் சென்றது. முதல் சில நாள்கள் கட்டிலுக்கு அடியினின்று வெளிவரவில்லை. உணவையும் இரவில்தான் உண்டது. முதியவர் வற்புறுத்தவில்லை. இரண்டு கிழமைகளில் முற்றத்துக்கு வந்தது. ஒரு முறை வலையின் ஓரத்தைக் கடித்துப் பாழாக்கியது. அதைச் சீர்ப்படுத்த அரைநாள் ஆயிற்று. விடியலில் சிறுவனோடு ஓடியது. பகலில் சிரட்டைகளைப் புரட்டியது. மாலையில் மீண்டும் நடந்தது.

இரண்டு திங்கள் சென்றபின் அடுத்த வீட்டு அம்மையார் எட்டிப் பார்த்து, "நாய் வாங்கியிருக்கிறீர்கள் என்றார்களே, குரலே கேட்கவில்லையே?" என்றார். முதியவர் விரலை உதட்டில் வைத்துக் கீழே காட்டினார். திண்ணையடியில், வலையின் நிழலிலே, மணி கால்களை நீட்டி உறங்கிக்கொண்டிருந்தது.