பதினொரு தட்டல்கள்

"நாள் பூரா அந்தப் பெட்டியில என்னதான்டா பாக்கறே?" என்று அம்மா கேட்டாள். ஏ.பி.ஐ. என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். "ஒரு ஜன்னல்னு வெச்சுக்கோம்மா. மத்த கம்பெனி கம்ப்யூட்டர்லாம் வந்து தட்டி, 'இந்த எஸ்.எம்.எஸ்.ஸை அனுப்பு'ன்னு கேக்கும். யார் எத்தனை தடவை தட்டினாங்கன்னு கணக்குப் பாக்கறேன்."

"ரேஷன் கடையா?"

ஏறக்குறைய. ரேஷன் கார்டுக்குப் பதில் ஆளுக்கொரு ரகசியச் சாவி. எந்தச் சாவி, எத்தனை மணிக்கு, எதைக் கேட்டது, பதில் சொல்ல எவ்வளவு நேரமாயிற்று, எல்லாம் 'லாக்'கில் விழும். 200 என்றால் சுபம். 401 என்றால் சாவி தப்பு. 429 என்றால் 'பறக்காதீர், அப்புறம் வாரும்'. 500 என்றால் தப்பு நம்முடையது. டீயை வைத்துவிட்டு ஓட வேண்டும்.

சராசரியை மட்டும் நம்பக் கூடாது. 99 பேருக்கு 100 மில்லி செகண்டில் பதில், ஒருவருக்கு மட்டும் பத்து செகண்ட் என்றால் சராசரி 199. பார்க்க லட்சணமாக இருக்கும். அந்த ஒருவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

இவ்வளவு தெரிந்த நான் செய்த காரியம் இது. பழைய வெர்ஷனை மூடலாம் என்று முடிவாயிற்று. அதில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சாவி. நாளுக்கு 11 தட்டல். மூன்று மெயில் போட்டோம், பதில் இல்லை. லட்சக்கணக்கில் தட்டுகிறவர்கள் நடுவே இது தூசு. மூடினேன்.

மறுநாள் மத்தியானம் லாக்கைப் பார்த்தால், முதல் நாள் மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல அதே சாவி. 11 தட்டல்; பதினொன்றுக்கும் 410, அதாவது 'கடை காலி'. என்னவோ உறுத்தியது. பழைய ஃபைலில் நம்பரைத் தேடிப் போன் செய்தேன்.

"டயாலிசிஸ் சென்டர்" என்றது ஒரு பெண் குரல்.

எனக்கு நாக்கு உலர்ந்தது. மறுநாள் யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நோயாளிகளுக்குப் போகும் செய்தியாம் அது. சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். என் மூன்று மெயிலும் அவனுக்கு!

"இன்னிக்கு யாராவது வராம இருந்தாங்களா மேடம்?"

"ரெண்டு பேர் சார். போன் பண்ணி வரவழைச்சுட்டோம். ஏன் கேக்கறீங்க?"

காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஜன்னலைத் திறந்தேன்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். சாதத்தைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

"எத்தனை தடவை தட்டினாங்கன்னு எண்ணினியே, யாரு தட்டறான்னு ஒரு தடவை எட்டிப் பாக்கக் கூடாதாடா?"

இப்போது என் அட்டவணையில் 'இவர் யார்?' என்று புதிதாக ஒரு பத்தி இருக்கிறது.