பரணில் கிடக்கும் கேசட் மறுபடி பேசுமா? செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை ஒரு குரல் பயணம்!

சென்னையிலிருந்து ரயிலில் வந்தால், செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலோரம் கூடவே ஓடிவரும். ஊரில் இறங்கிக் கிழக்கே சுமார் 30 கி.மீ. போனால் மாமல்லபுரம், கடல். நடுவில் திருக்கழுக்குன்றம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். இந்த வழியில் போகிறவர்கள் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். காதுக்கும் இங்கே வேலை இருக்கிறது.

1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டு வீடுகளில் டேப் ரெக்கார்டர் ஒரு குடும்ப உறுப்பினர். பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, தம்பியின் மழலை, தெருக்கூத்து இரவு, வளைகுடாவுக்குப் போன அண்ணனுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட் என்று எத்தனையோ குரல்கள் அதில் ஏறின. இன்று அவை பரணில் கிடக்கின்றன. எடுத்துத் தூசி தட்டிப் போட்டால் கேசட் சுற்றுகிறது. ஆனால், குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல மந்தமாக வருகிறது. இல்லையென்றால் அப்பாவின் குரல் சின்னப் பையன் குரல்போல் கீச்சிடுகிறது.

இந்த இடத்தில்தான் கேள்வி வரும். யூடியூப் பார்த்து நாமே ஸ்க்ரூவைத் திருகிப் பார்க்கலாமா? தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாமா? கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டே பஸ் ஏறலாம்.

கழுகுகள் வராத குன்றம்

திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் வேதகிரீஸ்வரர் கோயில். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். 1990-களுக்குப் பிறகு அந்தக் கழுகுகள் வருவதில்லை. பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் கையை ஆட்டி ஆட்டி விவரிப்பார்கள். தினமும் நடந்த ஒன்று, ஒருநாள் நின்றே போய்விட்டது.

குரலும் அப்படித்தான். நின்ற பிறகுதான் அதன் அருமை தெரியும்.

ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு அறிஞர் 1938-ல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகப் பகுதிகளில் சுற்றி நாட்டுப்புறப் பாடல்களையும் கோயில் இசையையும் ஒலிப்பதிவு செய்தார். 46 ஆண்டுகள் கழித்து, 1984-ல், நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏமி காட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே பகுதிகளுக்குத் திரும்பிப் போனார்கள். அந்தந்த ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டி, எவையெல்லாம் இன்னும் பாடப்படுகின்றன, எவையெல்லாம் மறைந்துவிட்டன என்று விசாரித்தார்கள். ஒரு பதிவு அரை நூற்றாண்டு தாண்டி அதே ஊர் வாசலில் வந்து நிற்க முடியும். ஆனால், போட்டுக் காட்டும் இயந்திரம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேசட் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அது சுமார் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடிய பாட்டி, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். தாளமும் ஓடும். கேட்கிற பேரப்பிள்ளைகள் அதுதான் பாட்டி குரல் என்று நம்பிவிடுவார்கள். வேகம் குறைந்தால் இதற்கு நேர்மாறு.

உளியும் தாளமும்

திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ் பிடித்தால் அடுத்தது மாமல்லபுரம். ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் வரவேற்கும். இப்போது அதோடு கல் அறுக்கும் மெஷின் சத்தமும் சேர்ந்துகொண்டது. இங்கே 1957-ல் தொடங்கப்பட்ட சிற்பக்கலைப் பயிற்சி நிலையம்தான் பின்னாளில் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்தது.

சிற்பிகளிடம் இரண்டு பழக்கங்களைக் கவனிக்கலாம். உளி மழுங்கினால் உலையில் காய்ச்சித் தட்டித் தாங்களே கூராக்கிக்கொள்வது பழைய வழக்கம். அதற்கு யாரையும் தேடிப் போவதில்லை. ஆனால், அளவு விஷயத்தில் கண்ணளவுக்கு இடமில்லை. சிலையின் முக நீளம் ஒரு தாளம். நவதாளச் சிலை என்றால், மொத்த உயரம் அதைப்போல ஒன்பது மடங்கு. கை, கால், விரல் எல்லாம் அந்த அளவிலிருந்தே பிறக்கும். முதல் அளவு தப்பினால் எல்லாமே தப்பும்.

டேப் ரெக்கார்டரிலும் வேலை இப்படி இரண்டாகப் பிரிகிறது.

முதல் வகை, உளி தீட்டுவது போன்றது. ஹெட்டையும், டேப்பை இழுக்கும் இரும்புத் தண்டையும் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது. ரப்பர் உருளையை ஈரத்துணியால் துடைப்பது. தளர்ந்த பெல்ட்டை மாற்றுவது. பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். மந்தமான சத்தத்துக்குப் பாதிக் காரணம் ஹெட்டில் படிந்த அழுக்குதான். துடைத்ததுமே குரல் தெளிந்துவிட்டால், அதற்குமேல் எந்த ஸ்க்ரூவையும் தொட வேண்டாம்.

இரண்டாவது வகை, தாளம் போன்றது. மோட்டார் வேகம், ஒலி அளவு, ஹெட் டேப்புக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்ற கோணம், ரெக்கார்டிங்குக்கான பயாஸ். இவற்றுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதன் பெயர் டெஸ்ட் டேப். துல்லியமான இயந்திரத்தில், தெரிந்த ஒலிகள் தெரிந்த அளவில் பதிக்கப்பட்ட டேப் அது. அதைப் போட்டு மீட்டர் வைத்து அளந்தால்தான் இயந்திரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். ஒன்றிரண்டு குடும்பக் கேசட்டுகளுக்காக டெஸ்ட் டேப்பும் மீட்டரும் வாங்குவது கட்டுப்படியாகாது.

ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ``எவ்வளவு ஆகும்?'' என்பதல்ல, ``உங்களிடம் டெஸ்ட் டேப் இருக்கிறதா?'' என்பதுதான். இல்லாமல் சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டுக் காதால் கேட்டுத் திருகுகிறார் என்றால், நீங்கள் வீட்டில் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். அனுபவம் மட்டும் அவருக்குக் கூடுதல்.

கல்லையே தின்னும் உப்பு

கடற்கரைக் கோயில், ராஜசிம்ம பல்லவன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1984-ல் மாமல்லபுரத்தின் மற்ற சின்னங்களோடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் சிற்ப முகங்கள் மழுங்கிப்போனதற்குக் காரணம் எதிரில் இருக்கும் கடல்தான். உப்புக் காற்று கல்லின் நுண்துளைகளில் இறங்கி, காய்ந்து, படிகமாகி, உள்ளிருந்தே கல்லை உதிர்க்கும். இந்தியத் தொல்லியல் துறை இதற்கு ஒரு எளிய மருந்து வைத்திருக்கிறது. சுத்தமான நீரில் ஊறிய காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்புவார்கள். கூழ் காயும்போது உப்பு அதற்குள் வந்துவிடும். பிறகு உரித்து எடுத்துவிடுவார்கள். அலையைத் தடுக்கப் பாறைக் கரையும், காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களும் உண்டு.

கருங்கல்லுக்கே இந்த நிலை என்றால், 3.81 மி.மீ. அகல டேப்புக்கும் மெல்லிய செப்புக் கம்பிகளுக்கும் என்ன கதி? கடலோர வீடுகளில் ஈரமும் உப்பும் சேர்ந்து மோட்டாரையும் ஸ்பிரிங்கையும் துருவேற்றும். டேப்பில் வெள்ளைப் பூஞ்சை படரும். கேசட் ஜன்னல் வழியே வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் அதை ஓடவே விடக் கூடாது. பூஞ்சை ஹெட்டிலும் மற்ற கேசட்டுகளிலும் ஒட்டிக்கொள்ளும். டேப்பும் அறுந்துபோகலாம். கோயில் கல்லுக்கு ரசாயனம் தெரிந்த ஆட்கள் வருவதுபோல, இங்கே அனுபவமுள்ளவர் கை வேண்டும்.

மாசி மகத்து இரவு

கடற்கரைக் கோயிலுக்கு அருகிலுள்ள இந்த மணல்வெளி, மாசி மகத்தன்று வேறு ஊராகிவிடும். பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் தற்காலிகக் குடில் போட்டுத் தங்குவார்கள். முழுநிலா இரவில் கன்னியம்மனை வணங்குவார்கள். விடியலில் அலையோரமே கல்யாணங்கள் நடக்கும். பாட்டும் அருள்வாக்கும் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தவை.

இப்படி ஓர் இரவை யாரோ பாக்கெட் டேப் ரெக்கார்டரில் பிடித்திருந்தால், அதற்கு மறுபதிப்பு கிடையாது. சினிமாப் பாட்டுக் கேசட் போனால் வேறு இடத்தில் கேட்கலாம். பாடியவரே இல்லாத பாட்டு போனால் போனதுதான். எனவே முடிவைத் தீர்மானிப்பது ரெக்கார்டரின் விலை அல்ல. எந்தக் கேசட் போனால் திரும்பாது என்பதே.

அந்தக் கேசட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுவது. அதன்பின் ரெக்கார்ட் பட்டன் இறங்காது. தவறிப்போய் அழியும் பயமில்லை. சோதனைகள் எல்லாம் வேண்டாத கேசட்டில் நடக்கட்டும். மெக்கானிக்கிடம் இயந்திரத்தைக் கொடுங்கள்; அந்தக் கேசட்டைக் கொடுக்காதீர்கள்.

பிரித்துக் கட்டிய வீடுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. 1996-ல் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தில், தென் மாநிலங்களின் பழைய வீடுகள் சொந்த ஊரில் பிரிக்கப்பட்டு இங்கே மறுபடி கட்டப்பட்டு நிற்கின்றன. எந்த உத்தரம் எங்கே இருந்தது என்ற குறிப்பு இல்லாமல் பிரித்த வீட்டைக் கூட்ட முடியாது.

ஸ்க்ரூவுக்கும் இதே விதிதான். ஹெட்டின் ஓரத்தில், ஸ்பிரிங்கோடு இருக்கும் ஸ்க்ரூதான் கோணத்தை மாற்றுவது. தொடுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவின் தலையிலும் பக்கத்துத் தகட்டிலும் நெயில் பாலிஷால் ஒரே கோடாகப் புள்ளி வையுங்கள். எங்கே தொடங்கினோம் என்பது தெரிந்தால் பயமில்லாமல் திரும்பி வரலாம்.

சரி, டெஸ்ட் டேப் வைத்து மெக்கானிக் சரிசெய்த பிறகு இதை ஏன் தொட வேண்டும்? இங்கேதான் ஒரு விசித்திரம். மெக்கானிக் உங்கள் இயந்திரத்தை உலகப் பொது அளவுக்கு நேராக்கித் தருவார். ஆனால், அப்பாவின் குரலைப் பதித்த அந்தக் காலத்து ரெக்கார்டரின் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், பதிவும் அதே சாய்வில்தான் இருக்கும். நேரான இயந்திரத்தில் அது மந்தமாகவே கேட்கும். ஹெட்டின் இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் என்பதால், மயிரிழைச் சாய்வும் `ச', `ஸ' ஒலிகளை விழுங்கிவிடும். அந்தக் கேசட்டுக்காக மட்டும் ஸ்க்ரூவை மெல்லத் திருகி, அந்த ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்தி, அப்படியே கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஏற்றிக்கொண்டு, மறுபடி புள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும். மோனோவில் வைத்துக் கேட்டால் சரியான இடம் இன்னும் எளிதில் பிடிபடும்.

இந்தக் கடைசித் திருகலை வீட்டு ஆட்களே செய்வதுதான் நல்லது. அப்பா எப்படிப் பேசுவார் என்று மெக்கானிக்குக் காது தெரியாது.

வேகத்துக்கும் ஒரு வீட்டுச் சோதனை உண்டு. கரண்டில் ஓடிய ரெக்கார்டரில் பதித்தது என்றால், பின்னணியில் மெல்லிய `ம்ம்' இரைச்சல் இருக்கலாம். அது நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஒலி அளக்கும் செயலியில் அது 53 என்று காட்டினால், டேப் ஆறு சதவீதம் வேகமாக ஓடுகிறது. அந்தக் காலத்து மின்சாரம் 50-லேயே நிலையாக நின்றதில்லை என்பதால், இதை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பயாஸ் அமைப்பு புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கான விஷயம். பழைய குரலைக் கேட்க மட்டும் நினைப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பெரிய ஸ்பூல் ரெக்கார்டர் வைத்துப் பதிவும் செய்பவர்கள், டெஸ்ட் டேப் வைத்திருக்கும் ஆளையே நாடுவது நல்லது.

போகிற வழி

* செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ் உண்டு. மலைப்படி ஏறுபவர்கள் வெயிலுக்கு முன்பே ஏறிவிடுவது நல்லது.
* மாசி மகம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். இருளர் மக்களுக்கு அது வழிபாடு. செல்போனை நீட்டுவதற்கு முன் அனுமதி கேளுங்கள்.
* கடலோரம் போய் வந்த ரெக்கார்டரை ஈரம் போக ஓர் இரவு உலரவிட்ட பிறகே ஓடவிடுங்கள்.

துடைப்பது வீட்டு வேலை. அளப்பது மெக்கானிக் வேலை. கடைசியில் காது வைத்துக் கேட்பது மறுபடி வீட்டு வேலை. மாமல்லபுரத்துக் கல் 1,300 ஆண்டுகள் தாங்கிவிட்டது. பரணில் இருக்கும் கேசட்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஏணியை எடுங்கள்.