மரியாகுமுன் அவள் பெயர் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் முற்பகலில், முதிய பெண்மணி ஒருவர் நம் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஊர் ரெயூனியன் தீவு. முகம் நம் முகம், மொழியோ பிரெஞ்சு. மூதாதையரைத் தேடிப் புதுச்சேரிக்கு வந்திருந்தார். தந்தைவழி முன்னோர் 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர். அவருடைய தமிழ்ப் பெயர், எழுத்துச் சிதைந்தேனும், குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. தாய்வழியில், அதற்கும் முன்னே அடிமையாகச் சென்ற ஒரு பெண். அவளைப் பற்றித் தீவின் பழைய ஏட்டில் இருந்தவை இரண்டே சொற்களாம்: 'மரி', 'மலபார்'. தமிழரை அங்கு அப்படித்தான் அழைத்தார்கள்.

"மரியாகுமுன் அவள் பெயர் என்ன, சுவாமி?" என்று கேட்டார். நம்மிடமுள்ள எந்தப் பதிவேட்டிலும் அதற்கு விடையில்லை.

அடிமை வணிகம் என்றால் ஆப்பிரிக்காவையே நினைக்கிறோம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் நம் கடற்கரையிலிருந்தும் மனிதர்கள் சலங்குகளில் ஏற்றப்பட்டு, நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். இன்று மொரீசியசு, ரெயூனியன் எனப்படும் தீவுகளில் விற்கப்பட்டார்கள். ஏமாற்றிக் கடத்தப்பட்டவர்கள் விலங்கிடப்பட்டு அடைபட்டுக் கிடந்த செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை 1743-இல் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். வாங்கியவர் அயலார், பிடித்துக் கொடுத்தவர்களோ நம்மவர். பஞ்சம் வந்தபோது பசியே தரகனாயிற்று.

திருச்சபையும் இதில் கைகழுவ முடியாது. அத்தீவுகளுக்கென 1723-இல் பிரெஞ்சு அரசு பிறப்பித்த சட்டம், அடிமைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கக் கட்டளையிட்டது, விடுதலை கொடுக்கவில்லை. கடவுளின் பிள்ளை என்று நெற்றியில் நீர் வார்த்தபின்னும் அவள் ஒருவரின் உடைமையாகவே இருந்தாள். 1839-இல் திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்தார். 1848-இல் பிரான்சு அடிமைமுறையை ஒழித்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, நம் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருந்தொகையாய்க் கப்பலேறினார்கள்.

மனிதனை விற்கத் துணிவு எங்கிருந்து வருகிறது? அவன் நம்மிலும் தாழ்ந்தவன் என்ற எண்ணத்திலிருந்துதான். அந்த எண்ணம் நம் ஊரில் சுவராகவே நின்றது. சம்பா கோவிலில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து வைத்த சுவர் 1745-இல் இடிக்கப்பட்டதையும், அதனால் எழுந்த மனக்கசப்பையும் அதே நாட்குறிப்பு சொல்கிறது. கல்சுவர் விழுந்தது, மனச்சுவர்? கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்த பின்னும், செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பங்கள் மீட்கப்படுகின்றன. தமிழகக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதி பிரித்தது.

பிறரைச் சொல்லி நாம் தப்பலாகாது. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாத் தேர் ஒரு தெருவின் முனைவரை சென்று திரும்பிவிடும். அந்தத் தெருவின் பிள்ளைகள் முனையில் நின்று கைகூப்புவார்கள். "வழக்கம், சாமி" என்றார்கள் பெரியவர்கள். அமைதி கெடுமே என்று மூன்று ஆண்டுகள் நாமும் தேரோடு திரும்பினோம். நான்காம் ஆண்டு மாற்றலாகி வந்துவிட்டோம். இன்றும் அந்தப் பிள்ளைகளின் கைகள் கண்ணில் நிற்கின்றன.

அட்லாண்டிக் அடிமை வணிகத்திற்குப் பலியானோரின் நினைவு நாளாக மார்ச் 25-ஐ ஐக்கிய நாடுகள் அவை 2007-இல் அறிவித்தது. நமக்கு அது மங்கள வார்த்தைத் திருநாள். அன்று நாசரேத்தூர் மரியாள் தம்மை ஆண்டவரின் அடிமை என்றார். வானதூதர் அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருந்தார். நம் கரையிலிருந்து சென்ற மரியின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

வந்த பெண்மணி மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்தார். இறந்தோர் நினைவில், "பெயர் அறியாத எங்கள் சகோதரி" என்று ஒருத்திக்காக மன்றாடினோம். அவர் அழுதார். ஆண்டுதோறும் மார்ச் 25-இல் அவ்வாறே மன்றாடி வருகிறோம். அவள் பெயர் இறைவனுக்குத் தெரியும். தேர் திரும்பிய தெருவின் பிள்ளைகளுடைய பெயர்களோ, கேட்டிருந்தால் நமக்கும் தெரிந்திருக்கும்.