ஒரு மாசம்... ஆறு ரூம்... ஒரு கடல்!

உங்க கையில ஆஃபர் லெட்டர் இருக்கு. ஜாயினிங் தேதி மட்டும் வரலை. மே மாசம் காலேஜ் முடிஞ்சு, டிசம்பரும் வந்தாச்சு. தெருமுனை டீக்கடைக்காரர்ல இருந்து ஒண்ணுவிட்ட சித்தப்பா வரைக்கும் ‘எப்போப்பா ஜாயினிங்?’னு கேட்டே கொல்றாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?

நான் மாமல்லபுரத்துக்கு ஓடிட்டேன்!

உண்மையைச் சொல்லணும்னா, ஒரு நாள் சுத்திட்டு வரலாம்னுதான் போனேன். சென்னையில இருந்து ஈ.சி.ஆர்.ல சுமார் 55 கிலோமீட்டர். கடற்கரைக் கோயிலை எட்டிப் பார்த்துட்டு, ஒத்தவாடைத் தெருவுல ஒரு கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல நின்னேன். அட்டையில கையால எழுதித் தொங்கவிட்டிருந்தாங்க: ‘ஆள் தேவை. ஒரு மாதம்.’

உள்ள போய்க் கேட்டேன். வாசல்ல உட்கார்ந்து நெத்திலி ஆய்ஞ்சுக்கிட்டு இருந்த அக்காதான் ஓனர். மேலேயும் கீழேயும் பார்த்தாங்க.

“பெட்ஷீட் தட்டுவியா?”

“தட்டுவேன்கா.”

“இங்கிலீஷ்?”

“அதுவும் தட்டுவேன்.”

சிரிச்சிட்டாங்க. வேலை கிடைச்சிடுச்சு. மூணு வேளை சாப்பாடு, மொட்டை மாடி ஓரமா ஒரு சின்ன ரூம், மாசம் 6,000 ரூபாய். வீட்டுல மட்டும் ‘ஹாஸ்பிட்டாலிட்டி இன்டர்ன்ஷிப்’னு ஒரு பிட்டைப் போட்டேன். “இன்ஜினீயரிங் படிச்சுட்டு ரூம் பாய் வேலைக்கா போற?”னு அப்பா கேட்டுடுவாரோங்கிற பயம்தான்!

காலை 5.30... உளிச் சத்தம்!

கடலோரம்னதும் ஊஞ்சல், இளநீர், கையில ஒரு புத்தகம்னு கற்பனை பண்ணிக்காதீங்க. அது கெஸ்ட்டுக்கு. உங்களுக்கு துடைப்பம்!

காலையில முதல்ல எழுப்புறது அலைச் சத்தம். அதுக்குப் பிறகு சிற்பக் கூடங்கள்ல இருந்து வர்ற ‘டக்... டக்...’ உளிச் சத்தம். நடுவுல கல் அறுக்குற மெஷின் ‘கர்ர்...’னு ஒரு ஸ்வரம் சேர்க்கும். பல்லவர் காலத்துக் கல்வேலை இங்கே மியூசியத்துக்குள்ள போயிடலை. 1957-ல தொடங்கின அரசு சிற்பக் கல்லூரி இந்த ஊர்லதான் இருக்கு. 2017-ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஆனா, விடியற்காலையில தூக்கம் கலைஞ்ச கெஸ்ட் கிட்ட இதையெல்லாம் விளக்கிச் சொல்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

ஆறு ரூம்தானேன்னு நினைச்சேன். முதல் நாளே முதுகு கழண்டுடுச்சு. கடலோரத்துல ரெண்டு எதிரிங்க. ஒண்ணு மணல். காலைக் கழுவிட்டு வாங்கன்னு வாசல்ல குழாய் வெச்சாலும் பாத்ரூம், படுக்கை, தலையணை உறைன்னு எல்லா இடத்துலேயும் குடியேறிடும். பெட்ஷீட்டை அப்படியே பந்தாச் சுருட்டி வாஷிங் மெஷின்ல போட்டா குழாய் அடைச்சுக்கும். மாடிக்குக் கொண்டு போய், காத்து போற பக்கமா நின்னு உதறணும். காத்துக்கு எதிரா நின்னு உதறினா, மணல் உங்க வாயில. அனுபவம் பேசுது!

ரெண்டாவது எதிரி உப்புக் காத்து. பூட்டு, கீல், ஃபேன், டி.வி-ன்னு ஒண்ணையும் விடாது. வாரம் ஒரு தடவை எல்லாப் பூட்டுக்கும் எண்ணெய் விடணும். வடகிழக்குப் பருவமழை முடியற நேரம்ங்கிறதால துணி காயவே காயாது. ‘இன்னிக்கு வெயில் வருமா?’ங்கிற கேள்விக்கு முன்னாடி, ‘எப்போ ஜாயினிங்?’ங்கிற கேள்வி எனக்கு மறந்தே போச்சு.

பேர் தெரியாம சாவி கிடையாது

அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் பெட்ஷீட் இல்லை, ரிஜிஸ்டர்.

வெளிநாட்டுக்காரங்க தங்க வந்தா பாஸ்போர்ட், விசா விவரத்தை எல்லாம் 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதிவு செஞ்சாகணும். லாட்ஜ் வட்டாரத்துல பல வருஷமா ‘சி ஃபார்ம்’னு பழகிப்போன விஷயம். சின்ன கெஸ்ட் ஹவுஸா இருந்தாலும் இதுல தப்பிக்க முடியாது. நம்ம ஊர்க்காரங்கன்னா அடையாள அட்டை.

ஆனா, அக்காவுக்கு அது போதாது. “பேரை எழுதினா மட்டும் பத்தாது தம்பி. வாய்விட்டுச் சொல்லிப் பழகு. பேர் வாயில வராத ஆளுக்குச் சாவி கொடுக்காதே”ம்பாங்க. பிரான்ஸ்ல இருந்து வருஷா வருஷம் வர்ற ஒரு வயசான ஜோடியோட பேரைச் சொல்ல எனக்கு மூணு நாள் ஆச்சு. அக்கா அதை ஏதோ பக்கத்து வீட்டு முனியம்மா பேர் மாதிரி சரளமா கூப்பிடுவாங்க!

ஏன் இந்தப் பிடிவாதம்னு டிசம்பர் 26 அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அன்னிக்குக் குப்பத்துல யாரும் கடலுக்குப் போகலை. படகெல்லாம் கரையில வரிசையா நின்னுது. பெண்கள் பால் கொண்டு வந்து கடல்ல ஊத்தினாங்க, பூ போட்டாங்க. சாயந்திரம் அக்கா தானாவே பேச ஆரம்பிச்சாங்க.

2004. ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணி கீழ்வீட்டுக்குள்ள வந்து பாத்திரம் பண்டத்தோட ரிஜிஸ்டரையும் இழுத்துட்டுப் போயிடுச்சு. மேல் ரூம்ல தங்கியிருந்த ரெண்டு பேர் காலையிலேயே கரைப் பக்கமா நடந்து போயிருக்காங்க. “போலீஸ்காரரு பேர் என்னம்மான்னு கேக்கறாரு. எனக்கு ‘மேல் ரூம் வெள்ளைக்காரரு’ன்னுதான் தெரியும். கரையில ஓடிப் போய் கத்தலாம்னா, என்னன்னு கத்துவேன்? சாயந்திரம் வரைக்கும் பைத்தியக்காரி மாதிரி நின்னேன்.”

அவங்க ரெண்டு பேரும் பத்திரமா திரும்பி வந்துட்டாங்களாம். எல்லார் வீட்டுலேயும் அப்படித் திரும்பி வரலை. அக்கா அதுக்கு மேல எதுவும் பேசலை. நானும் கேட்கலை.

அதே அலை, மண்ணுக்குள்ள கிடந்த சில கல்வெட்டுகளையும் வெளியே கொண்டு வந்துடுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொல்லியல் துறை தோண்டினப்போதான், வடக்கே சாளுவன்குப்பத்துல 2005-ல பழைய முருகன் கோயில் ஒண்ணு கிடைச்சது. லீவு நாள்ல போய்ப் பார்த்தேன். பல்லவர் காலக் கட்டடத்துக்கும் அடியில, அதைவிடப் பழைய செங்கல் வரிசை. கடல் எடுத்துட்டும் போகும், கொடுத்துட்டும் போகும்னு நாம கவிதை பேசலாம். அக்கா கிட்ட பேசிடாதீங்க, கரண்டி பறக்கும்!

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்துட்டா நம்ம ஊரே புதுசாத் தெரியும் பாஸ். “கடற்கரைக் கோயிலுக்கு உங்களுக்கு 40 ரூபாய், எனக்கு ஏன் 600?”னு ஒரு ஜெர்மன்காரர் கேட்டார். நான் ஏதோ நானே விலை வெச்ச மாதிரி முழிச்சேன். அதே டிக்கெட்ல அன்னிக்கே ஐந்து ரதமும் பார்க்கலாம்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆன்லைன் ரிவ்யூவுல ஒருத்தர் மூணு ஸ்டார் கொடுத்திருந்தார். காரணம்? ‘கடல் சத்தம் அதிகம்!’ அதைக் குறைக்குற ரெகுலேட்டர் எங்க இருக்குன்னு ஊர் முழுக்கத் தேடிக்கிட்டு இருக்கேன்.

சரி, இப்போ கொஞ்சம் சீரியஸ் மேட்டர்.

ஜனவரி முதல் வாரம். சனிக்கிழமை. நாட்டிய விழா நேரம்ங்கிறதால ஊரே நிரம்பி வழியுது. ஆன்லைன்ல யாரோ ஒருத்தர் பேர்ல புக் ஆகியிருந்த ரூமுக்கு நாலு பேர் கார்ல வந்து இறங்கினாங்க. மாடியில இருந்து பார்த்தேன். அதுல ரெண்டு பேர் என் கிளாஸ்மேட்ஸ்! (பேர் வேண்டாம், பத்திரிகையில வந்தா அடிக்க வருவாங்க.) என்னோட ஒரே நாள்ல கேம்பஸ் இன்டர்வியூ எழுதினவங்க. அவங்களுக்கு ஜூலையிலேயே ஜாயினிங் ஆயிடுச்சு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கையில இருந்த துடைப்பத்தோட கிச்சனுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். “அக்கா... இந்த ரூமை நீங்களே பார்த்துக்கோங்க, ப்ளீஸ்.” அக்கா ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாங்க. ஒண்ணும் கேட்காம சாவியை எடுத்துட்டுப் போனாங்க. அவங்க காபி கேட்டப்போ போட்டது நான், கொண்டு போனது அக்கா. அறுபதை நெருங்குற அவங்க படியேறி இறங்குறதைப் பார்க்க எனக்கே கேவலமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் வெளியே வரலை.

ராத்திரி 11 மணி இருக்கும். நாலு பேரும் பேசிச் சிரிச்சுக்கிட்டே கடல் பக்கம் போறாங்க. நடையே சரியில்லை, ஏற்கெனவே ‘ஏத்திட்டு’ வந்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. அக்கா வாசல்ல நின்னு, “தம்பிங்களா, தண்ணியில இறங்காதீங்க!”ன்னு கத்தினாங்க. வாடைக்காத்து அந்தச் சத்தத்தை வேற பக்கம் தூக்கிட்டுப் போயிடுச்சு. அவங்க திரும்பவே இல்லை.

அக்கா என் பக்கம் திரும்பி, “உனக்குப் பேர் தெரியுமில்ல?”ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

ஓடினேன். நிலா வெளிச்சத்துல ரெண்டு பேர் முழங்கால் தண்ணியில நிக்கறது தெரிஞ்சுது. அலை உடையாம, அமைதியாத் தெரியுற இடமாப் பார்த்து இறங்கியிருக்காங்க. அதுதான் மோசமான இடம்னு எனக்கு அக்கா வீட்டுக்காரர் காட்டிக் கொடுத்திருந்தார். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அந்த வழியாத்தான் திரும்ப உள்ளே இழுத்துக்கிட்டுப் போகும். பேரைச் சொல்லிக் கத்தினேன். கேட்கலை. ஹாஸ்டல் பட்டப்பேரைச் சொல்லிக் கத்தினேன். ஒருத்தன் சட்டுனு திரும்பினான்.

“டேய்... நீயா?!”

“முதல்ல மேல வாங்கடா!”

வந்துட்டாங்க. இடுப்புல சாவிக்கொத்து, தோள்ல ஈரத் துண்டு, கால்ல செருப்பு இல்லாம நான். “இங்க என்னடா பண்ற?”

ஆயிரம் பொய் ரெடியா இருந்துச்சு. மூச்சு வாங்கினதுல ஒண்ணும் வாயில வரலை. “வேலை பார்க்குறேன்டா. இந்த கெஸ்ட் ஹவுஸ்லதான்.”

யாரும் சிரிக்கலை. மறுநாள் காலையில அவங்களுக்குக் காபியை நானே கொண்டு போனேன். அவங்க ரூமை காலி பண்ணினப்புறம் உள்ளே போய்ப் பார்த்தா, பெட்ஷீட்டை உதறி மடிச்சு வெச்சிருந்தாங்க. அந்த ஒரு மாசத்துல அப்படிச் செஞ்சுட்டுப் போன ஒரே ரூம் அதுதான்.

அன்னிக்குச் சாயந்திரம் அப்பாவுக்கு போன் போட்டு, இன்டர்ன்ஷிப் இல்லை, ரூம் பாய் வேலைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: “சாப்பாடு நல்லாப் போடறாங்களா?”

உங்களுக்கும் ஒரு மாசம் கிடைச்சா...

எப்போ: நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் இங்கே சீசன். டிசம்பர் கடைசியில தொடங்குற நாட்டிய விழா ஜனவரி வரை போகும். அக்டோபர், நவம்பர்லயே நேர்ல போய்க் கேளுங்க.

பேசித் தீர்க்க வேண்டியது: எத்தனை மணி நேர வேலை, வார லீவு, சம்பளம், சாப்பாடு, தூங்குற இடம்... இந்த அஞ்சையும் முதல் நாளே ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. ‘வாலன்டியர்’ங்கிற பேர்ல பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கறவங்களும் உண்டு.

கொடுக்கக் கூடாதது: ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட். அடையாள அட்டை ஜெராக்ஸ் போதும்.

தோழிகளுக்கு: உள்பக்கமா பூட்டிக்கிற தனி ரூம் இருக்கான்னு பாருங்க. அங்கே ஏற்கெனவே வேலை பார்க்குற பெண் ஒருத்தர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணுங்க.

வீட்டுக்கு: எங்கே, என்ன வேலைன்னு உண்மையைச் சொல்லிட்டுப் போங்க. என்னை மாதிரி மாசம் முழுக்கப் பயந்துக்கிட்டு இருக்காதீங்க.

கடல்: உள்ளூர்க்காரங்க இறங்காத இடத்துல நீங்களும் இறங்காதீங்க. ராத்திரியில, குடிச்சுட்டு... நோ சான்ஸ். இழுவையில சிக்கினா கரையைப் பார்த்து நீந்தி ஓய்ஞ்சு போகாம, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அதுல இருந்து வெளியே வாங்க. அப்புறம் கரைக்குத் திரும்பலாம்.

கிளம்புற அன்னிக்கு அக்கா ரிஜிஸ்டரை நீட்டினாங்க. “உன் பேரையும் எழுது. அட்ரஸோட.” ஒரு மாசம் அத்தனை பேரோட பேரை எழுதின நோட்டுல என் பேரை எழுதினேன். படிச்சுப் பார்த்துட்டு, வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டாங்க.

ஜாயினிங் தேதியா? அது இன்னும் வரலைங்க!