சுருளை முடிக்க எடுத்த படங்கள்

புகைப்படக் கருவிக்குள் படச்சுருளை இட்டுப் படம்பிடித்த காலத்தில் வீடுதோறும் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் ஏதும் இல்லை. பெயரிடத் தக்க பெருமை அதற்கு உண்டென்று எவரும் எண்ணியதும் இல்லை. ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். தீபாவளிக்கு இருபது, குழந்தையின் பிறந்தநாளுக்குப் பத்து என்று எடுத்த பின்னரும் ஐந்தாறு எஞ்சி நிற்கும். சுருள் முழுவதும் தீராமல் அதனை வெளியில் எடுப்பது வீண்செலவு. கழுவக் கொடுக்காமல் தீபாவளிப் படங்களைப் பார்க்கவும் இயலாது. ஆகவே ஏதோ ஒரு மாலைப்பொழுதில் வீட்டில் ஒருவர் கருவியைக் கையில் எடுத்து, "சுருளை முடித்துவிடலாம்" என்று சொல்லிக் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்துத் தீர்ப்பார். வீட்டு வாசலின் நடைவழி, மின்தூக்கிக் கதவு, அடுத்த வீட்டுப் பூனை, மூங்கிற்கழியில் உலரும் துணி, சமையலறைச் சன்னல் வழியே தெரியும் எதிர் அடுக்குமாடி ஆகியவையே அந்தக் கடைசிப் படங்கள்.

அவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அச்சிட்டு வாங்கும்போதே 'இவை வேண்டா' என்று ஒதுக்கியவர்கள் பலர். ஒரு படத்திற்கு இவ்வளவு காசு என்று கணக்கிட்ட காலம் அது. மின்தூக்கிக் கதவுக்குக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்?

இன்று பழைய படச்சுருள் கருவிகளைத் தேடி வாங்கும் இளைஞர்கள் பெருகியிருக்கின்றனர். அவர்களைக் கேட்டால், படத்தின் நிறம் இனிமையாக இருக்கிறது என்பார்கள். எண்ணி எண்ணி எடுப்பதால் பொறுமை வருகிறது என்பார்கள். முடிவு தெரியாமல் காத்திருப்பதில் ஓர் இன்பம் உண்டு என்பார்கள். இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் அந்த நிறத்தை இப்போது கைபேசியே ஒரு விரல் அசைவில் போலியாகப் படைத்துவிடுகிறது. பொறுமையோ, அதனைக் கற்க வேறு நூறு வழிகள் உண்டு. பழைய கருவியின் மெய்யான கொடை வேறொன்று. அதனை அறிய மார்சிலிங்கிற்குப் போக வேண்டும்.

மார்சிலிங் சிங்கப்பூரின் வட எல்லையில் இருப்பது. சன்னலைத் திறந்தால் சில வீடுகளுக்கு ஜொகூர் நீரிணை தெரியும்; 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தில் வாகனங்கள் எறும்புச்சாரையாய் ஊர்வதும் தெரியும். ஒரு தலைமுறைத் தமிழர், மலாய்க்காரர், சீனர் அனைவரும் ஒரே நடைவழியில் செருப்பைக் கழற்றி வைத்து வாழ்ந்த குடியிருப்பு அது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை விரிவுபடுத்தும் பொருட்டு, மார்சிலிங் கிரசெண்ட், மார்சிலிங் லேன் ஆகியவற்றில் உள்ள ஒன்பது புளோக்குகள் எடுத்துக்கொள்ளப்படும் என்பது செய்தி. வீடுகளின் எண்ணிக்கை 732. குடியிருப்போருக்கு இழப்பீடும் உட்லண்ட்ஸிலேயே மாற்று வீடுகளும் உண்டு. முறையில் குறை சொல்ல ஏதுமில்லை. சோதனைச்சாவடியின் நெரிசலைக் கண்டவர்கள் அதன் தேவையையும் மறுக்கமாட்டார்கள். ஆனால் நடைவழிக்கு இழப்பீடு ஏது?

அவ்வீடுகளுள் ஒன்றில் எழுபது வயதைக் கடந்த தமிழர் ஒருவர் தம் மகன் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். அவரிடம் ஒரு பென்டாக்ஸ் கே1000 இருந்தது. 1976 முதல் 1997 வரை உற்பத்தியில் இருந்த கருவி அது; உலகெங்கும் மாணவர்கள் அதனைக் கொண்டே படக்கலை பயின்றனர். வெளிச்சத்தை அளக்கும் முள்ளுக்கு மட்டும் அதில் ஒரு சிறிய மின்கலம் வேண்டும். மின்கலம் தீர்ந்தாலும் கருவி நிற்காது. திரை திறப்பதும் மூடுவதும் வில்லும் பற்சக்கரமும் செய்யும் வேலை. முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரத்தைப் போல அவர் அதனைக் காத்து வந்தார்.

சிங்கப்பூரில் இத்தகைய கருவியைக் காப்பது எளிய காரியம் அன்று. இங்குள்ள ஈரக்காற்றில் வில்லைகளின் உட்புறம் பூஞ்சை பிடிக்கும். முதலில் ஒரு புள்ளி; பின்பு சிலந்தி வலைபோல் மெல்லிய நூல்கள்; காலப்போக்கில் கண்ணாடியின் பூச்சையே அது அரித்துவிடும். அதனால் இவ்வூரில் கருவி வைத்திருப்போர் வீட்டில் அரிசிப் பானைக்கு அடுத்தபடியாக ஓர் உலர்பெட்டியும் இருக்கும். மின்சாரத்தால் ஈரத்தை உறிஞ்சி, உள்ளே ஈரப்பதத்தை நாற்பது, ஐம்பது விழுக்காட்டில் நிறுத்தும் சிறு அலமாரி அது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு இதன் அருமை தெரியாது.

கழுவுவதிலும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைச் சுருளைப் பலர் வீட்டிலேயே கழுவுகின்றனர். படச்சுருளின் மேல் உள்ள பசைப்பூச்சில் வெள்ளி உப்பின் நுண்மணிகள் விரவியிருக்கும். ஒளி பட்ட மணிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நிகழ்கிறது. அப்போதே படம் உருவாகிவிட்டது, ஆனால் அது மறைந்து கிடக்கிறது. உருத்துலக்கும் கரைசல் அந்த மணிகளைக் கருமையான வெள்ளித் துகள்களாக மாற்றி மறைந்ததை வெளிக்கொணர்கிறது. ஒளி படாத உப்பை 'ஹைப்போ' கரைத்து நீக்குகிறது. ஜான் ஹெர்ஷல் 1819-இல் கண்டறிந்த இந்தக் கரைப்புப் பண்பே பின்னாளில் படத்தை நிலைநிறுத்த உதவிற்று. இத்தனைக்கும் நூல்கள் விதிக்கும் வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியஸ். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரோ அதைவிட எட்டுப் பத்துப் பாகை கூடுதலாகவே வரும். ஆகவே கரைசல் புட்டியைப் பனிக்கட்டி மிதக்கும் வாளியில் நிறுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே குளியலறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியில் இருப்பவர் கதவைத் தட்டினால் திறக்கவும் முடியாது. படக்கலையின் வரலாற்று நூல்கள் இந்த அல்லலைக் குறிப்பதில்லை.

சுருள் தொழில் வீழ்ந்த கதை பலரும் அறிந்தது. கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாஸன் 1975-லேயே சுருள் இல்லாத கருவி ஒன்றைச் செய்து காட்டினார். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 நொடிகள் ஆயின. அதே கோடாக் 2012-இல் நொடிப்பு மனு அளித்தது. தமிழகத்திலும் அதன் எதிரொலி உண்டு. 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் விற்றது. திங்களைக் குறிக்கும் அச்சொல் வெள்ளியால் ஆன பொருளுக்கு நன்றாகப் பொருந்தியது. அந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் சுருள் அடியோடு அழியவில்லை. பென்டாக்ஸ் பெயரிலேயே 2024-இல் புதிய சுருள் கருவி ஒன்று சந்தைக்கு வந்தது.

மார்சிலிங் வீட்டிற்குத் திரும்பலாம். அறிவிப்பு வந்தபின் பெரியவர் பழைய பொருள்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கினார். பரணில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருந்தது. அதனுள் நெகட்டிவ் துண்டுகள், ஆறு ஆறு படங்களாக வெட்டி உறையிலிட்டவை. பேத்திக்கு அவை என்னவென்றே தெரியவில்லை. தன் கைபேசியின் திரையை வெள்ளையாக ஒளிரச் செய்து, அதன்மேல் ஒரு துண்டை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"தாத்தா, இந்தப் பாட்டி யார்? தம்பி மாதிரி ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிறார்களே!"

பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். "பாட்டி இல்லையம்மா. அடுத்த வீட்டு மக்சிக். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நெகட்டிவில் கறுப்பு முடி வெளுப்பாகத் தெரியும். இடுப்பில் இருப்பது உன் அப்பா."

அது 1983-ஆம் ஆண்டுத் தீபாவளிச் சுருள். முதல் முப்பது படங்களும் வீட்டுத் தொகுப்பில் இருந்தன: புத்தாடை, பலகாரத் தட்டு, வரிசையாய் நின்ற உறவினர். மக்சிக் நின்றது 34-ஆம் படத்தில். அது அச்சிடப்படவே இல்லை; சுருளை முடிக்க எடுத்த படம். அவருக்குப் பின்னால் நடைவழியின் இரும்புக்கம்பி, சாய்த்து வைத்த மிதிவண்டி, மண்சட்டியில் பண்டான் செடி, இரு வீட்டு வாசலிலும் கலந்து கிடக்கும் செருப்புகள். அந்த அம்மையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மகனிடம் இருந்தவை அடையாள அட்டைப் படமும், திருமணங்களில் கூட்டத்தோடு எடுத்த படங்களும், முதுமையில் கைபேசியில் எடுத்தவையுமே. பேத்தி அந்த நெகட்டிவைக் கைபேசியால் படமெடுத்து நிறங்களைத் திருப்பிக் காட்டினாள். பின்னர் முறையாக அச்சிட்டு அந்த மகனிடம் கொடுத்தார்கள். அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். முகத்தைவிடப் பண்டான் செடியைப் பற்றியே அதிகம் பேசினார். அதன் இலையைப் பறித்து வருவது சிறுவயதில் அவருடைய வேலையாம்.

எண்ணிமக் கருவியில் இத்தகைய படம் எடுக்கப்படாது என்பதில்லை. எடுக்கப்படும், ஆனால் முடிக்க வேண்டிய சுருள் அங்கே இல்லை. வேண்டியதை எடுக்கலாம், வேண்டாததை அந்த நொடியே அழிக்கலாம். அழிப்பவர் இன்றைய கண்ணால் பார்த்து அழிக்கிறார். நாற்பது ஆண்டுக்குப் பின் எது வேண்டியிருக்கும் என்பது இன்றைய கண்ணுக்குத் தெரியாது. சுருளில் அப்படி ஒன்றைமட்டும் கிள்ளி எறிய வழியில்லை. 33-க்கும் 35-க்கும் நடுவே 34 இருந்தே தீரும். படம்பிடித்தவரின் அக்கறையால் அன்று, அவருடைய அவசரத்தாலும் சுருளின் இயல்பாலும் அது பிழைத்தது.

இங்கேதான் இன்றைய இளைஞர் சிலரின் வழக்கம் வியப்பைத் தருகிறது. பழைய கருவியைத் தேடிப்பிடிக்கிறார்கள். சுருளுக்கும் கழுவுவதற்கும் மிகுந்த செலவு செய்கிறார்கள். கடைக்காரர் நெகட்டிவை வருடிக் கணினி வழியே அனுப்பும் படங்களைப் பெற்றுக்கொள்கிறார்கள். நெகட்டிவைத் திரும்பப் பெறப் போவதில்லை! கடையில் சிலகாலம் காத்துக் கிடந்து பின்னர் அது குப்பைக்குப் போகிறது. கரும்பைச் சுமந்துவந்து, சாற்றைக் கடையில் விட்டுச் சக்கையை வீட்டுக்குக் கொண்டுபோவது போன்றது இது. வருடிய படம் ஒரு படி மட்டுமே. அதன் தரம் அன்றைய எந்திரத்தின் தரம். மூலம் கையில் இருந்தால் நாளை இன்னும் நுட்பமான எந்திரத்தால் மீண்டும் படி எடுக்கலாம்.

தமிழ் பயின்றோர்க்கு இது புதிய செய்தி அன்று. அச்சு நூல் வந்துவிட்டது, இனி ஓலை எதற்கு என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த பின்னரும் ஊர் ஊராய்ச் சுவடி தேடி அலைந்தார். ஒரு சுவடியில் சிதைந்த சொல் மற்றொன்றில் முழுதாய்க் கிடைத்தது. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெருப்பிலிட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் பட்ட வேதனையை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏட்டை எரித்தவர்கள் தீயவர்கள் அல்லர். பழையதை முறைப்படி அகற்றுவதாகவே எண்ணினார்கள். தேக்காவுக்கு அருகே 2017 ஜூலை 10 வரை நடந்த சுங்கை ரோடு சந்தையில் பழைய கருவிகளோடு யாரோ ஒரு குடும்பத்தின் படத்தொகுப்பும் விற்பனைக்குக் கிடக்கும். அதனைத் தள்ளிவிட்டவர்களும் அவ்வாறே எண்ணியிருப்பார்கள்.

சுருளும் சாகாவரம் பெற்றதன்று. வண்ணம் மங்கும், பூஞ்சை நெகட்டிவையும் தின்னும், பழைய அசிட்டேட் சுருள் புளிக்காடி மணத்தோடு சுருங்கிப்போகும். ஒரே ஒரு மூலம்தான் உண்டு என்பதால் வீட்டில் தீப்பிடித்தால் அத்தோடு முடிந்தது. கைபேசிப் படத்தையோ பத்து இடங்களில் படியெடுத்து வைக்கலாம். வைக்கிறார்களா என்பது வேறு கேள்வி. மார்சிலிங் வீட்டிலேயே ஒரு பழைய கணினி வட்டு இருந்தது. பேத்தியின் முதல் இரண்டு ஆண்டுப் படங்கள் முழுவதும் அதில்தான். எந்தக் கணினியில் இணைத்தாலும் அது திறக்கவில்லை. 1983-ஐப் பார்க்க ஒரு வெளிச்சம் போதுமானதாக இருந்தது. பேத்தியின் மழலைப் பருவத்தைப் பார்க்க வல்லுநர் ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று. அவர் கேட்ட தொகையைக் குடும்பத்தார் தயங்காமல் கொடுத்தார்கள். பாதிப் படங்கள் மீண்டன.

அதன்பின் பெரியவர் படம்பிடிக்கும் முறை மாறிவிட்டது. புதிய சுருளை இட்டதும் அவர் முதலில் போவது நடைவழிக்கு. மின்தூக்கிக் கதவு, கடிதப்பெட்டிகளின் வரிசை, படிக்கட்டில் தேய்ந்த மூலை, கீழ்த்தளத்தில் சதுரங்கக் கோடிட்ட கல்மேசை, பக்கத்து வீட்டார் காலி செய்தபின் கதவருகே எஞ்சிய ஆணி ஆகியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய், வெளிச்சத்தை அளந்து, மூச்சை அடக்கி எடுக்கிறார். முப்பது படங்கள் இப்படியே போகும். பேத்தியின் பிறந்தநாள் வரும்போது எண்காட்டி முப்பத்தொன்றைக் காட்டிக்கொண்டிருக்கும். "தாத்தா, எனக்கு ஐந்தே படம்தானா?" என்று அவள் முறையிடுவாள். "சுருளை முடிக்க வேண்டாமா, நில்லம்மா" என்பார் அவர். உறையின்மேல் அவர் பென்சிலால் எழுதும் குறிப்பிலும் அந்த வரிசைதான்: ஆண்டு, புளோக் எண், நடைவழி, கடைசி ஐந்து, பிறந்தநாள்.