நாரி நோவு

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபம். பிளாஸ்டிக் கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாராக இருப்பவர்போல அந்த அம்மா அமர்ந்திருக்கிறார். தோள்கள் இரண்டும் காதை எட்டப் பார்க்கின்றன. மடியில் எக்ஸ்ரே உறை.

"நாரி நோவு, பிள்ளை. நெஞ்சுக்கையும் அடைக்குது. படம் எடுத்துப் பாத்தவை, ஒண்டுமில்லையாம்."

எதிரே இருக்கும் உளவளத்துணையாளருக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும். உறையை வாங்கிப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் வந்தவர் போனவர் எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்களே. 2009 மே மாதம் போர் முடியும்வரை பங்கருக்குள் குந்தியிருந்த உடம்பு இந்த அம்மாவுடையது. ஷெல் கூவி வரும்போது ஓடவும் வழியில்லாமல் இறுகிய தசைகள் இன்னும் இளகவில்லை. போரின் துயரம் எங்கள் சனத்திடம் உடல் நோவாக வெளிப்படுவதை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் வந்த தன் நூலிலேயே எழுதிவிட்டார். இந்த அம்மா அதற்குப் பிறகும் எத்தனை பனடோல் விழுங்கினாரோ.

"கண் மூட வேண்டாம், அம்மா. உள்ளங்கால் நிலத்தில முட்டுதோ?"

"ஓம்."

"சூடோ, குளிரோ?"

செருப்பைக் கழற்றிவிட்டு யோசிக்கிறார். "குளிருது."

"முதுகைச் சாயவிட்டுப் பாருங்கோ. ஏலாட்டி விடுங்கோ."

பாதி சாய்கிறார். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் 'டப்' என்று வெடிக்கிறது. உடம்பு முன்னால் மடங்கி, கைகள் தலைமேல் வந்துவிட்டன. உறை தரையில்.

துணையாளர் தொடவில்லை. "மோட்டச் சைக்கிள், அம்மா. கதவு திறந்துதான் கிடக்கு. வெளியில என்ன தெரியுது?"

"வேம்பு… ஒரு ஆடு."

கால் நடுங்குகிறது. வெட்கப்பட்டு அதைக் கையால் அமுக்கப் பார்க்கிறார்.

"நடுங்கட்டும், அம்மா. அடக்காதேங்கோ."

தொடையில் தொடங்கிய நடுக்கம் பாதம்வரை வந்து மெல்ல ஓய்கிறது. ஒரு பெருமூச்சு. பிறகு, எதிர்பாராமல், பெரிய கொட்டாவி. தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், அவ்வளவுதான். துணையாளர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை. இன்னும் கிளறினால் அம்மா திரும்பப் பங்கருக்குள் போயிருப்பார்.

உறையைப் பொறுக்கித் தூசி தட்டுகிறார் அம்மா.

"வாற கிழமையும் வாறன். நாரிக்குப் பூச எண்ணெய் ஏதும் தருவீங்களோ?"

"என்னட்ட இல்லை, அம்மா. வீட்டில நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, நீங்களே ஆறுதலாப் பூசுங்கோ. கை படுற இடத்தைக் கவனிச்சுக் கொண்டு."

"நல்லெண்ணெய் விக்கிற விலையிலயோ?"